இளம் வேகப்பந்து வீச்சாளர்களின் முதுகெலும்பு ஏன் முறிகிறது?

2025 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இங்கிலாந்தில் நடந்த 5 டெஸ்ட் தொடரில் இந்திய வேகப்பந்து வீச்சாளர் ஜஸ்பிரீத் பும்ரா மூன்று ஆட்டங்களில் மட்டும் ஆடினார். முகமது சிராஜ் ஐந்திலும் ஆடி, 185.3 ஓவர் வீசி, 23 விக்கெட் எடுத்தார். ஓவல் டெஸ்ட்டை இந்தியா 6 ரன்னில் வென்ற கையோடு 'வொர்க்லோடு மேனேஜ்மென்ட்', அதாவது வீச்சாளர் வீசும் அளவைக் கட்டுக்குள் வைப்பது, கேலிப்பேச்சாகிவிட்டது. ஒருவரால் முடிகிறது, இன்னொருவரால் ஏன் முடியாது என்று கேட்காதவர்கள் குறைவு.

பும்ராவின் முதுகுக்கு ஒரு பின்கதை உண்டு. 2019இல் கீழ்முதுகில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், அதாவது திரும்பத் திரும்பப் பளு விழுந்து எலும்பில் உண்டாகும் முறிவு. 2022இல் மறுபடி முதுகு. அந்த ஆண்டு டி20 உலகக் கோப்பை கைவிட்டுப் போயிற்று. 2023 மார்ச்சில் நியூசிலாந்தில் அறுவை சிகிச்சை. 2025 ஜனவரியில் சிட்னி டெஸ்ட்டின் நடுவிலேயே மைதானத்தை விட்டு வெளியேறினார், அடுத்து வந்த சாம்பியன்ஸ் டிராஃபியில் ஆடவே இல்லை. இத்தனை பட்ட முதுகுக்கு ஓவர் கணக்குப் பார்க்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆனால் பும்ராவுக்கு அப்போது வயது 31. அவர் வீசும் ஒவ்வொரு பந்தையும் எண்ண ஆள் இருக்கிறது. பெங்களூருவில் இந்தியக் கிரிக்கெட் வாரியமான பிசிசிஐயின் பயிற்சி மையமும் அதன் மருத்துவக் குழுவும் இருக்கின்றன. இந்தக் காயம் அதிகம் தாக்குவதோ 22 வயதுக்கு உட்பட்டவர்களை. பள்ளி, கிளப், அகாடமி, மாவட்ட அணி என்று ஒரே பையன் நான்கு பேருக்குப் பந்து வீசும் வயது அது. மொத்தம் எத்தனை பந்து வீசினான் என்று அந்த நான்கு பேரில் ஒருவருக்கும் தெரியாது. இளம் வீச்சாளர்களின் முதுகு முறிவதில் பெரும்பங்கு இந்தத் தெரியாமைக்குத்தான்.

## இரண்டு வகைக் காயம்

விளையாட்டில் வரும் காயங்களை இரண்டாகப் பிரிக்கலாம். கேட்ச் பிடிக்கப் பாய்ந்து தோள்பட்டை இறங்குவது, பந்து பட்டு விரல் உடைவது போன்றவை ஒரே நொடியில் நிகழ்பவை. எப்போது, எப்படி என்று கேட்டால் பதில் இருக்கும்.

இன்னொன்று மிகைப் பயன்பாட்டுக் காயம். ஒரே அசைவு ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப நடக்கிறது. ஒவ்வொரு முறையும் விழும் பளு உடம்பு தாங்கக்கூடியதுதான். ஆனால் அடுத்தடுத்த பளுக்களுக்கு நடுவே பழுது பார்த்துக்கொள்ளப் போதிய அவகாசம் கிடைப்பதில்லை. எந்தப் பந்தில் முறிந்தது என்று கேட்டால் அதற்குப் பதிலே கிடையாது. ஓட்டக்காரர்களுக்குக் கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பில், பேஸ்பால் வீசும் சிறுவர்களுக்கு முழங்கையில், நிறையக் குதித்து ஓடும் பிள்ளைகளுக்கு முழங்காலுக்குச் சற்றுக் கீழே புடைப்பாக என்று ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஓர் இடம் உண்டு. வேகப்பந்து வீச்சாளருக்கு அந்த இடம் கீழ்முதுகு.

## எலும்பு தன்னைப் பழுதுபார்க்கும் விதம்

எலும்பை நாம் கல்தூண் மாதிரி நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது நாள்தோறும் இடித்துக் கட்டப்படும் திசு. பளு விழும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் உண்டாகும். அவற்றைச் சரிசெய்ய, ஒருவகைச் செல்கள் முதலில் பழைய எலும்பைக் கரைத்து எடுக்கின்றன. பிறகு வேறு செல்கள் வந்து அந்த இடத்தில் புதிய எலும்பைப் படியவைக்கின்றன.

சிக்கல் இந்த வரிசையில்தான். கரைத்தெடுப்பது சில வாரங்களில் முடிந்துவிடும். புதிதாகப் படிந்தது கெட்டியாக மாதங்கள் ஆகும். சாலையைத் தோண்டிப்போட்டுவிட்டு, தார் ஊற்றுவதற்குள் அதே வழியில் லாரிகளை விட்டால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும். பயிற்சியைத் திடீரென்று கூட்டிய மூன்றாவது, நான்காவது வாரத்தில் எலும்பு வழக்கத்தைவிட வலுக்குறைந்து இருக்கும். பையனோ அப்போதுதான் நல்ல ஃபார்முக்கு வந்திருப்பான். தசை சீக்கிரம் பழகிக்கொள்ளும், எலும்பு மெதுவாகத்தான் பழகும்.

இந்த நிலை படிப்படியாக முற்றும்:

1. முதலில் எலும்புக்குள் நீர் கோத்த மாதிரி வீக்கம். எம்ஆர்ஐ ஸ்கேனில் மட்டும் தெரியும். பல பேருக்கு இந்தக் கட்டத்தில் வலியே இருக்காது. இதை ஸ்ட்ரெஸ் ரியாக்‌ஷன் என்கிறார்கள்.
2. அடுத்து எலும்பின் ஒரு பக்கத்தில் மெல்லிய விரிசல். பந்து வீசினால் வலிக்கும், ஓய்வெடுத்தால் போய்விடும்.
3. விரிசல் முழுக்க ஊடுருவினால் அது ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர்.
4. அப்படியே விட்டுவிட்டால் இரு முனைகளும் ஒட்டாமலே நின்றுவிடலாம். இரண்டு பக்கமும் முறிந்தால், மேலுள்ள முள்ளெலும்பு கீழுள்ளதன்மீது முன்பக்கமாக நழுவவும் வாய்ப்புண்டு.

முதல் கட்டத்தில் பிடித்தால் சில வாரங்களோ இரண்டொரு மாதமோ வீசாமல் இருந்தாலே பெரும்பாலும் ஆறிவிடும். மூன்றாவதில் பிடித்தால் அரை ஆண்டுக்குக் குறையாது.

## முன்கால் ஊன்றும் அந்தப் பத்தில் ஒரு நொடி

வலக்கை வேகப்பந்து வீச்சாளர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஓடிவந்து எம்புகிறார். வலது கால் தரையில் படுகிறது, உடனே இடது கால் கிரீஸில் அடித்து ஊன்றுகிறது. அங்கிருந்து பந்து கையை விட்டுப் போவதற்கு ஏறக்குறைய 0.1 நொடிதான். அந்த நேரத்துக்குள் தரை திருப்பித் தரும் விசை உடல் எடையைப்போல 5 மடங்கையும் தாண்டக்கூடும். 60 கிலோ பையன் என்றால் 300 கிலோவுக்கு நிகரான விசை ஒற்றைக் காலில் ஏறுகிறது.

அதே கணத்தில் முதுகு மூன்று வேலைகளைச் சேர்த்துச் செய்கிறது. பின்னால் வளைந்து, இடப்பக்கம் சாய்ந்து, கூடவே முறுக்கிக்கொள்கிறது. தனித்தனியாகச் செய்தால் இவை முதுகுக்குப் பெரிய விஷயமில்லை. மூன்றும் சேரும்போது கீழ்முதுகின் ஐந்து முள்ளெலும்புகளில் கடைசி இரண்டின் இடது பின்பகுதி நசுக்கப்படுகிறது. மேல் மூட்டையும் கீழ் மூட்டையும் இணைக்கும் ஒரு குறுகிய எலும்புப் பாலம் அங்கே இருக்கிறது. முறிவது பெரும்பாலும் அதுதான்.

ஆகவே வலக்கை வீச்சாளருக்கு இடது பக்கமும், இடக்கை வீச்சாளருக்கு வலது பக்கமும் முறிவது வழக்கம். பந்து வீசும் கைக்கு எதிர்ப்பக்கத்தில், முதுகெலும்பை ஒட்டி, ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய அளவில் வலி என்றால் பயிற்சியாளர் அன்றே பந்தை வாங்கி வைத்துவிட வேண்டும்.

சுழற்பந்து வீச்சாளர்களுக்கு இது ஏன் இந்த அளவுக்கு வருவதில்லை என்பதும் இங்கே விளங்கும். ரன் அப்பில், அதாவது ஓடிவருவதில், வேகம் குறைவு, முன்காலில் ஏறும் விசை குறைவு.

## வளரும் உடம்பு

சிராஜின் 185 ஓவரைக் காட்டி 16 வயதுப் பையனை ஊக்கப்படுத்துவது இங்கேதான் பிசகுகிறது.

ஆண் பிள்ளைகள் பெரும்பாலும் 13, 14 வயதையொட்டி மிக வேகமாக உயர்கிறார்கள்; பெண் பிள்ளைகளுக்கு இது ஓரிரு ஆண்டு முன்பே வந்துவிடும். எலும்பு முதலில் நீள்கிறது. அதில் கால்சியம் முதலிய தாதுக்கள் படிந்து கெட்டியாவது பல மாதம் பின்தங்கியே நடக்கிறது. நீளம் கூடிவிட்டது, உறுதி இன்னும் வரவில்லை என்ற இடைக்காலம் ஒன்று எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. தொடையின் பின்தசையும் எலும்பின் வேகத்துக்கு நீளாமல் இறுகியிருக்கும். குனிந்து கால்விரலைத் தொட முடியாது. கையும் காலும் நீண்டதால் வேகம் மட்டும் திடீரென்று கூடியிருக்கும். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் அவன் கையில் பந்தைக் கொடுக்கிறார்கள்.

கீழ்முதுகில் அந்த எலும்புப் பாலம் முழு வலு பெறுவது 20களின் நடுப்பகுதியில். ஆண்டுக்கணக்கில் அளவாக வீசிவந்தவர்களுக்கு, பளு விழும் பக்கத்து எலும்பு மற்றப் பக்கத்தைவிட அடர்த்தியாகவே ஆகிவிடுகிறது. சரியான அளவில் ஏறும் பளு எலும்பை வளர்க்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். வீசவே விடாமல் பொத்தி வைப்பதும் பையனுக்குக் கேடுதான்.

ஆஸ்திரேலியாவின் பேட் கம்மின்ஸை எடுத்துக்கொள்ளலாம். 2011 நவம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் 18 வயதில் டெஸ்ட்டில் அறிமுகமாகி, இரண்டாம் இன்னிங்ஸில் 79 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்து ஆட்டநாயகன் ஆனார். அடுத்த டெஸ்ட் ஆடியது 2017 மார்ச்சில், ராஞ்சியில். இடைப்பட்ட ஐந்தாண்டுக்கு மேல் பெரும்பாலும் காயங்களிலேயே போயிற்று. அதில் முதுகு ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் திரும்பத் திரும்ப வந்தது. 20களின் நடுவில் எலும்பு முற்றிய பிறகு அதே மனிதர் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து வீசி, கேப்டனும் ஆனார். ஆஸ்திரேலிய வாரியத்தின் வசதி அத்தனையும் இருந்தும் அவருக்கு இந்தக் கதி.

## ஒரு வாரக் கணக்கு

நம் ஊர்ச் சூழலில் இது எப்படி நடக்கிறது என்பதைக் கற்பனையான ஒரு 15 வயதுப் பையனின் வாரத்தை வைத்துப் பார்ப்போம். அபூர்வமான வாரம் இல்லை. எந்த நகரத்திலும் காணக்கூடியதுதான்.

1. செவ்வாய்: அகாடமி நெட்ஸ் (வலைப் பயிற்சி), 60 பந்து.
2. வியாழன்: மறுபடி அகாடமி நெட்ஸ், 60 பந்து.
3. வெள்ளி: பள்ளி அணிப் பயிற்சி, 36 பந்து.
4. சனி: பள்ளி ஆட்டம், 10 ஓவர், 60 பந்து.
5. ஞாயிறு: கிளப் ஆட்டம், 8 ஓவர், 48 பந்து.

கூட்டினால் 264 பந்து, அதாவது 44 ஓவர். ஸ்கோர் புத்தகத்தில் ஏறியது 18 ஓவர் மட்டும். அகாடமி கோச்சைக் கேட்டால் வாரத்துக்கு 20 ஓவர்தான் என்பார். பள்ளி உடற்பயிற்சி ஆசிரியர் 16 என்பார். கிளப் செயலாளர் வெறும் 8 என்பார். மூவர் சொல்வதும் உண்மை. வார்ம் அப்பில் வீசியதும், ஞாயிறு மாலை தெருவில் டென்னிஸ் பந்தில் வீசியதும் இதில் சேரவில்லை.

இதை இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் நீண்டகாலம் நடைமுறையில் வைத்திருந்த வரம்போடு ஒப்பிடலாம். அங்கே 13 வயதுக்கு உட்பட்ட வேகப்பந்து வீச்சாளர் ஒரு ஸ்பெல்லில், அதாவது ஒரே மூச்சில் தொடர்ந்து வீசும்போது, 5 ஓவர், ஒரு நாளில் 10 ஓவர். 15 வயதுக்கு உட்பட்டவருக்கு 6ம் 12ம். 17 மற்றும் 19 வயதுப் பிரிவுகளுக்கு 7ம் 18ம். ஏழு நாளில் நான்கு நாளுக்கு மேல் வீசக் கூடாது, தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் கூடாது என்பது இன்னொரு விதி.

நம் பையன் ஒருநாள் வரம்பை ஒருமுறைகூட மீறவில்லை. சனிக்கிழமை வீசிய 10 ஓவர்கூட 12க்கு உள்ளேதான். ஆனால் ஏழில் ஐந்து நாள் வீசியிருக்கிறான், வியாழன் முதல் ஞாயிறு வரை நான்கு நாள் விடாமல். ஒவ்வொரு நாளையும் தனித்தனியாகப் பார்ப்பவர் கண்ணில் எந்தத் தப்பும் படாது.

ஆஸ்திரேலிய இளம் வீச்சாளர்களைப் பின்தொடர்ந்து 2005இல் வெளியான ஆய்வும் இதையே சொல்கிறது. பந்து வீசும் நாள்களுக்கு இடையே சராசரியாக 3.5 நாளுக்குக் குறைவாக ஓய்வு இருந்தவர்கள் காயப்படும் வாய்ப்பு மற்றவர்களைப்போலச் சுமார் மூன்று மடங்கு. ஓய்வுநாள் என்றால் பந்து வீசாத நாள், அவ்வளவே. அன்று பேட்டிங், ஃபீல்டிங், ஓட்டம் இருக்கலாம்.

## பரீட்சை முடிந்த பிறகு

வாரக் கணக்கைவிட எனக்குக் கவலை தருவது ஆண்டுக் கணக்கு. குறிப்பாகத் தமிழ்நாட்டுப் பள்ளி ஆண்டு.

பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் படிக்கும் பிள்ளைகள் பொதுத்தேர்வுக்காகப் பிப்ரவரியிலேயே மட்டையையும் பந்தையும் பரண்மேல் போட்டுவிடுவார்கள். ஏப்ரலில் தேர்வு முடியும்வரை கிட்டத்தட்ட பூஜ்ஜியம். மே பிறந்ததும் கோடைப் பயிற்சி முகாம்: வாரத்தில் ஆறு நாள், காலை மாலை இரு வேளை. விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரம் வேறு. அந்த வயதில்தான் உடம்பு வேகமாக வளர்ந்துகொண்டும் இருக்கிறது.

எட்டு வாரம் பளுவே இல்லாமல் இருந்த எலும்பின்மேல் திடீரென்று முழுப் பளு. மேலே சொன்ன வரிசைப்படி, கரைத்தெடுக்கும் வேலை மே முதல் வாரத்தில் மும்முரமாகத் தொடங்குகிறது. எலும்பு மிக வலுவிழந்து நிற்பது மே கடைசியில் அல்லது ஜூன் தொடக்கத்தில். வலி வரும்போது முகாம் முடிந்து, ஆட்டங்கள் தொடங்கியிருக்கும். பழி கடைசியாக ஆடிய ஆட்டத்தின் மேலோ, அன்றைய ஆடுகளத்தின் மேலோ விழும்.

இப்படிப் பளு ஒரு காலத்தில் ஏறிக் காயம் வேறொரு காலத்தில் வருவதைப் பெரியவர்களிடமும் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் முதல்தர வீச்சாளர்களை வைத்துச் செய்த ஆய்வில், ஒரே ஆட்டத்தில் 50 ஓவருக்கு மேல் வீசியவர்களுக்கு அடுத்த 21 நாளில் காயம் கூடுதலாக வந்தது. அந்த ஆட்டத்திலேயே இல்லை, அதற்குப் பின்.

தீர்வு ஒன்றும் பெரிய வித்தையில்லை. பரீட்சைக் காலத்திலும் வாரம் இரண்டு முறை, பாதி வேகத்தில், மூன்று நான்கு ஓவர் வீசிவந்தால் எலும்பு அடியோடு பழக்கம் விட்டுப்போகாது. முகாமின் முதல் வாரத்தில் கடைசியாக வழக்கமாக வீசிய அளவில் பாதியோடு தொடங்கி, வாரம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். முகாம் நடத்துபவருக்கு இது பிடிக்காது. கட்டணம் கட்டிய பெற்றோருக்கும் பிடிக்காது.

## ஆக்‌ஷன்தான் காரணமா?

ஒரு பங்கு காரணம். பந்து வீசும் முறையில் மூன்று வகை சொல்வார்கள். பக்கவாட்டாக நின்று வீசுவது, நேர்முகமாக நின்று வீசுவது, இரண்டையும் கலந்து வீசுவது. கலப்பு முறையில் இடுப்பு ஒரு திசையையும் தோள்கள் வேறு திசையையும் நோக்கும். பந்தை விடுமுன் தோள் மறுபடி திரும்ப வேண்டும். அந்த முறுக்கு முழுவதும் கீழ்முதுகில் இறங்குகிறது.

1980களின் இறுதியில் ஆஸ்திரேலியாவில் 82 இளம் வேகப்பந்து வீச்சாளர்களை ஒரு சீசன் முழுக்கக் கவனித்தார்கள். சராசரி வயது 17ஐ ஒட்டி. 11 விழுக்காட்டினருக்கு முதுகெலும்பில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் வந்தது. தோள் முறுக்கும் நிறைய ஓவர் வீசியதும் காரணங்களில் முன்னே நின்றன. அண்மைக்கால ஆய்வுகள் தோளைவிட இடுப்பும் கீழ்முதுகும் வளையும் அளவைக் கூர்ந்து பார்க்கின்றன.

இந்தப் பாடத்துக்குச் சென்னையோடு நேரடித் தொடர்பு உண்டு. 1973இல் வெஸ்ட் இண்டீஸ் பயணத்தில் முதுகில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் வந்து, மாதக்கணக்கில் ஒதுங்கியிருந்து, ஆக்‌ஷனைத் திருத்திக்கொண்டு திரும்பியவர் ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லி. 1987இல் சென்னையில் வேகப்பந்து வீச்சாளர்களுக்கான பயிற்சி மையமாக எம்ஆர்எஃப் பேஸ் ஃபவுண்டேஷன் தொடங்கியபோது பயிற்சி அளிக்க வந்தவரும் அவரே. 2012 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். தமிழ்நாட்டின் லட்சுமிபதி பாலாஜியும் 2004 பாகிஸ்தான் பயணத்தில் புகழின் உச்சியில் இருந்த சிறிது காலத்திலேயே முதுகுக் காயத்தால் நீண்டகாலம் ஒதுங்க நேர்ந்து, ஆக்‌ஷனை மாற்றிக்கொண்டு திரும்பியவர்.

ஆனால் ஆக்‌ஷன் பேச்சில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. "பையன் ஆக்‌ஷன் சுத்தம், எத்தனை ஓவர் வேண்டுமானாலும் போடலாம்" என்று சொல்லிவிடுகிறார்கள். சுத்தமான ஆக்‌ஷனிலும் எலும்புக்குப் பழுதுபார்க்கும் நேரம் வேண்டும். தவிர, ஆக்‌ஷனை மாற்ற ஆண்டுக்கணக்கு ஆகும். ஓவர் எண்ணிக்கையை இன்று மாலையே மாற்றலாம்.

## கபில்தேவ் வீசவில்லையா?

வீசினார். 131 டெஸ்ட் ஆடினார். காயத்தால் ஒரு டெஸ்ட்டையும் தவறவிட்டதில்லை. இந்த விவாதத்தில் அவர் பெயர் வராமல் இருக்காது.

ஆனால் நாம் பார்ப்பது தப்பிப் பிழைத்தவர்களை மட்டும். 1970களில் பதினேழு வயதில் "முதுகு பிடித்துக்கொண்டது" என்று ஆட்டத்தை விட்டுப்போன பையன்களின் பட்டியலை யாரும் எழுதி வைக்கவில்லை. எம்ஆர்ஐ இல்லாத காலத்தில் அவர்களில் பெரும்பாலோருக்கு அது என்ன என்றே தெரிந்திருக்காது. அப்போதைய பிள்ளைகளுக்கு ஆண்டு முழுவதும் கிரிக்கெட்டும் கிடையாது; மழைக்குக் கால்பந்து, மற்ற நாளில் கபடி, கிட்டிப்புள் என்று உடம்பின் வெவ்வேறு பகுதிகளில் பளு பரவிக்கிடந்தது. இன்று ஒன்பது வயதிலேயே ஒரே ஆட்டம், பன்னிரண்டு மாதமும்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் இதற்காகவே வாரத்தில் ஓரிரு நாளும், ஆண்டில் மொத்தம் மூன்று மாதமும் குறிப்பிட்ட ஆட்டத்திலிருந்து விடுப்புக் கொடுக்கச் சொல்கிறது. அந்த மூன்று மாதத்தை ஒரேயடியாக எடுக்காமல் மாதம் மாதமாகப் பிரித்து எடுக்கலாம். அங்குள்ள லிட்டில் லீக் பேஸ்பால் 2007இல் இன்னிங்ஸ் கணக்கைக் கைவிட்டு, வீசிய பந்துகளையே எண்ணத் தொடங்கியது. 11, 12 வயதுச் சிறுவருக்கு ஒரு நாளில் 85 பந்து. எண்ணிக்கை ஏறினால் அடுத்து எத்தனை நாள் ஓய்வு என்பதும் விதியிலேயே இருக்கிறது.

## வலி வந்தால்

இந்த நான்கில் இரண்டு சேர்ந்தாலே பந்து வீசுவதை நிறுத்திவிட்டு, விளையாட்டு மருத்துவரையோ எலும்பு மருத்துவரையோ பார்ப்பது நல்லது:

1. பந்து வீசும் கைக்கு எதிர்ப்பக்கம் கீழ்முதுகில் வலி.
2. வீசும்போது கூடி, இரண்டு நாள் ஓய்வில் குறைந்து, மறுபடி வீசினால் அதே இடத்தில் திரும்பும் வலி.
3. வலிக்கும் பக்கத்து ஒற்றைக் காலில் நின்று பின்னால் வளைந்தால் சுரீரென்று பிடிப்பது.
4. வேகம் காரணமில்லாமல் குறைவது, அல்லது முன்கால் ஊன்றும்போது பையன் தன்னையறியாமல் ஒதுங்குவது.

கால் மரத்துப்போவது, இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, காய்ச்சலோடு முதுகுவலி, சிறுநீர் கழிப்பதில் சிரமம் ஆகியவை வேறு நோயின் அறிகுறியாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நம்மிடையே வழக்கம் என்ன? "சுளுக்குதான்" என்று எண்ணெய் தேய்த்து வழித்துவிடக் கூட்டிப்போவார்கள். இரண்டு நாள் சும்மா இருந்ததில் வலி குறையும். பெயர் வழித்துவிட்டவருக்குப் போகும். திரும்ப வீசினால் திரும்ப வலிக்கும். பிறகு எக்ஸ்ரே. ஆரம்பக் கட்ட விரிசல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது; "நார்மல்" என்று வரும் அறிக்கையை வைத்துக்கொண்டு இன்னும் ஒரு மாதம் வீசுவார்கள். மாத்திரை போட்டுக்கொண்டு வீசுவது எல்லாவற்றிலும் மோசம். முதல் கட்டத்தில் இருந்தது மூன்றாவதுக்குப் போவது இந்த இரண்டு மாதத்தில்தான். சந்தேகம் இருந்தால் எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். செலவு ஆயிரக்கணக்கில் ஆகும் என்பது மெய்; அதனால்தான் மேலே சொன்ன நான்கு அறிகுறிகளும் முக்கியம்.

முறிவு உறுதியானால் சிகிச்சையின் முதல் பகுதி பந்து வீசாமல் இருப்பது, பெரும்பாலும் மூன்று நான்கு மாதம். வலி நின்றுவிட்டது என்பது எலும்பு சேர்ந்துவிட்டதற்குச் சான்றாகாது. வலி சில வாரத்திலேயே நின்றுவிடும். இடையில் வயிறு, இடுப்பு, பின்தொடைத் தசைகளுக்குப் பயிற்சி. பிறகு நின்ற இடத்திலிருந்து வீசுவது, நான்கடி நடந்து வீசுவது, பாதி ரன் அப், முழு ரன் அப் என்று வாரக்கணக்கில் ஏற வேண்டும். முதல் வலியிலிருந்து முழு வேகத்துக்குத் திரும்ப ஆறு முதல் ஒன்பது மாதம் பிடிக்கும். கம்பியும் திருகாணியும் வைக்கும் அறுவை சிகிச்சை, ஓய்வில் சேராத எலும்புக்கும் மறுபடி மறுபடி முறிவதற்கும்தான். 15 வயதில் அதைப் பற்றிப் பேச வேண்டிய தேவை பெரும்பாலும் வராது.

சாப்பாட்டையும் இங்கேயே சொல்லிவிடலாம். காலை ஐந்தரைக்கு வெறும் வயிற்றில் நெட்ஸ், அங்கிருந்து நேரே பள்ளி என்று ஓடும் பிள்ளைக்குச் செலவாகும் அளவுக்குச் சாப்பாடு உள்ளே போவதில்லை. போதாத சாப்பாட்டில் உடம்பு முதலில் கைவைப்பது எலும்பு கட்டும் வேலையில்தான். பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதோ நின்றுபோவதோ இதற்கான எச்சரிக்கை. பயிற்சி கடுமை, அதனால்தான் என்று சொல்லித் தள்ளிவிடக் கூடாது. பால், தயிர், முட்டை, மீன் கட்டாயம் வேண்டும். கேழ்வரகு 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. வெயிலிலேயே ஆடினாலும் வைட்டமின் டி குறைவாக இருக்கும் பிள்ளைகள் நம்மிடம் ஏராளம். முறிவு வந்தவர்களுக்கு அந்த ரத்தப் பரிசோதனையும் சேர்த்துச் செய்வது வழக்கம்.

## கணக்கை யார் வைப்பது?

பிசிசிஐ 16 வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளுக்கு வயதை உறுதிசெய்ய மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்க்கிறது. வயதை மறைப்பவர்களைத் தடுக்கத்தான் அது. எலும்பு எவ்வளவு முற்றியிருக்கிறது என்பது அதே படத்தில் தெரியும்போது, அதை வைத்து ஓவர் வரம்பையும் சொல்லலாமே என்று எனக்குத் தோன்றும். 15 வயதில் 13 வயது எலும்போடு இருப்பவனும் 16 வயது எலும்போடு இருப்பவனும் ஒரே ஸ்பெல் போடுகிறார்கள்.

ஆனால் மாவட்ட அணித் தேர்வுக்குப் போகும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளில் அந்த எக்ஸ்ரே வரை போகிறவர்கள் ஒருசிலர்தான். மற்றவர்களுக்கு வாரியமோ சங்கமோ ஒன்றும் செய்யப்போவதில்லை என்று வைத்துக்கொண்டே யோசிக்க வேண்டும். கோச் மாறுவார், பள்ளி மாறும், கிளப் மாறும். பையனோடு கூடவே போவது வீடு மட்டும். எனவே கணக்கு வீட்டில்தான் இருக்க வேண்டும்: ஒரு நாற்பது பக்க நோட்டு, நாள், எங்கே வீசினான், நெட்ஸும் ஆட்டமும் சேர்த்து எத்தனை பந்து, முதுகில் வலி உண்டா என்று நான்கு பத்தி. மாதத்துக்கு ஒருமுறை சுவரில் நிறுத்தி உயரத்தையும் குறித்துக்கொண்டால் வேகமாக வளரும் மாதங்கள் தெரிந்துவிடும். அந்த மாதங்களில் ஓவரைக் குறைக்கலாம். நெட்ஸில் எண்ணிக்கை தெரியாது என்று பையன் சொன்னால், வீசிய நிமிடத்தைக் கேட்டு எழுதினாலும் போதும். அணித் தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒருபக்க முதுகுவலி என்று பையன் வந்து நின்றால், முந்தைய நான்கு வாரப் பக்கங்களைத் திறந்து கோச்சிடமும் மருத்துவரிடமும் காட்டுங்கள்.